விரிப்பை மடிக்கும்போது சொன்னது

ஜனவரி 9

கேள்விக்கு,

நாங்கள் உனக்கு வைத்த பேரிலேயே கூப்பிடுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் தபாலில் வந்ததும் நான் அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. என் போட்டோ இருக்கிறதா என்றுதான் புரட்டினேன். ஒன்றே ஒன்று இருந்தது, அதிலும் என் முதுகுதான். அந்த முதுகை வீட்டுக்காரரிடம் காட்டி, "யாருன்னு தெரியுதா?" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "பீரோவை எதுக்குப் போட்டோ புடிச்சிருக்கா?" என்றார். பஸ் பட்டறையில் என்ஜினையே பார்த்துப் பார்த்து அவர் கண் அப்படி ஆகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனாலும் பெருமை விடவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்கு விரிப்பு அள்ளுகிறவளைப் பற்றி யார் புத்தகம் போடுகிறார்கள்? வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். நான் படித்த அஞ்சாம் வகுப்புக்கு உன் வாக்கியம் ஏணி வைத்தாலும் எட்டாது. அதனால் வார்டு நர்ஸ் டீ நேரத்தில் இறங்கி வந்து படித்துக் காட்டினாள். முதல் நாள் ஒரே கூத்து. பேரையெல்லாம் மாற்றிவிட்டேன், யாருக்கும் யார் என்று தெரியாது என்று எழுதியிருந்தாயே, ஒரு பக்கம் தாண்டவில்லை, "இது நான், இது நீ" என்று எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு நீ வைத்த பேர் என்ன தெரியுமா? என் மாமியார் பேர். உலகத்தில் வேறு பேரே இல்லையா? செத்தும் அந்த அம்மா என்னை விடவில்லை.

மறுநாள் நான் உருளை இஸ்திரி மெஷின் பக்கம் இருந்தேன். அந்தச் சத்தத்தில் நர்ஸ் குரல் எனக்குக் கேட்காது. சிரிப்புச் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு அது நின்றது. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நர்ஸ் புத்தகத்தை மூடி, விரலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணிதான், "பரவாயில்ல சிஸ்டர், முடிச்சிடுங்க" என்றாளாம். நர்ஸும் முடித்துவிட்டாள்.

எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். சில வருஷம் முன்னால், என் அண்ணன் மேலே வார்டில் செத்துப்போன சேதி போனில் எனக்கு வந்தது. அவர் பெண்டாட்டி, இந்த அண்ணிதான், கீழே என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறாள். நான் அவளிடம் சொல்லவில்லை. மறுபடி போன் வரும்வரை அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உன் ஒருத்தியிடம் சொன்னேன். எங்கே வைத்துச் சொன்னேன்? நீயும் நானும் ஒரு பெரிய விரிப்பை மடிக்கும்போது.

நர்ஸ் படித்து முடித்ததும் அண்ணி டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ராத்திரி அடுப்படியில் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இப்ப அடுப்பு வேணுங்களா?" என்றாள். புருசன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை "ஏண்டி கழுதை" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரே வீட்டில், இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இப்போது "நீங்க". அதைவிட அந்தப் பாத்திரத்தை எடுத்து என் மண்டையில் போட்டிருக்கலாம்.

நீ தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் நீயே அதற்கு ஒரு அதிகாரம் எழுதியிருக்கிறாய். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, முனையோடு முனை சேர்க்கக் கிட்டே வருவார்கள், அப்படிக் கிட்டே வரும்போது சொன்னதை யாரும் வெளியே எடுப்பதில்லை, அதுதான் இந்தப் பெண்களின் சத்தியம் என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! எழுதிவிட்டு நாலு பக்கம் தள்ளி, நான் சொன்னதை எடுத்துப் போட்டிருக்கிறாய்.

ஏன்? இது ஒன்றுதான் கேட்கிறேன். நீ எங்களை ஒரு வருஷம் முழுக்கக் கேட்ட கேள்விதான், திருப்பிக் கேட்கிறேன்.

மாமியார் பேர்க்காரி


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் கிழிக்கலாமா என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

முதல் நாள் உங்களுக்கு என் படிப்பைச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? மானிடவியல் என்றேன். "எலும்பு பார்க்கிறதா?" என்று கேட்டீர்கள். எலும்பு பார்ப்பவர்களும் உண்டு, பழைய குடியிருப்புகளைத் தோண்டுகிறவர்களும் உண்டு, நான் உயிரோடு இருப்பவர்கள் நடுவில் போய் உட்காருகிற வகை என்று சொன்னேன். மனிதர்கள் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. கூடவே இருந்து, அதே வேலையைச் செய்து, கை வலித்தால்தான் கொஞ்சமாவது தெரியும். அதனால்தான் வந்தேன். எழுதத்தான் வந்தேன் என்பதையும் முதல் நாளே சொன்னேன். நீங்கள் எல்லாரும் சம்மதித்தீர்கள். இதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்கும்தான்.

எங்கள் படிப்பில் ‘கேலி உறவு’ என்று ஒன்று உண்டு. உலகத்தில் பல இடங்களில், சில உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. வேறு சில உறவுகளில் முகம் பார்த்துப் பேசவே கூடாது. நீங்களும் அண்ணியும் நாளெல்லாம் திட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தபோது நான் படித்த அத்தனையும் கண் முன்னால் நடப்பதுபோல் இருந்தது. செத்தவர் படுத்திருந்த விரிப்பு வந்தால் அதை முதலில் தொட்டவளை எல்லாரும் சேர்ந்து கேலி செய்வீர்களே, அந்த வழக்கத்தை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அது எதற்காக என்று காட்ட ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. நீங்கள் அன்று சொன்னதுதான் அது. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகமே இல்லை அக்கா.

பேரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். ஒரே கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பேர் எதற்கு என்று தோன்றாமல் போய்விட்டது. பேர் விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி எப்படி இருக்கிறார்?

உங்கள் கேள்வி


பிப்ரவரி 1

கேள்விக்கு,

உன் கடிதத்தை நர்ஸிடம் கொடுக்கவில்லை. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். அவள் படித்துக் கொடுத்ததெல்லாம் போதும்.

மனுசங்க நடுவில் உட்கார்ந்து, யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று பார்த்து, அதைப் போய் இன்னொருத்தரிடம் சொல்வது. இதற்கு உங்கள் ஊரில் மானிடவியல். எங்கள் கூடத்தில் இதற்கு வம்பு. படிக்காமலே எங்களில் பாதிப் பேர் பட்டம் வாங்கியிருப்போம். எலும்பு பார்க்கிறவர்கள் மேல் எனக்கு இப்போதுதான் மரியாதை வந்திருக்கிறது. எலும்பு வாயைத் திறக்காது. அதற்கு அண்ணியும் கிடையாது.

சிரிப்பதற்கு எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் வரும், உனக்குத் தெரியும்.

அண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். நன்றாக இருக்கிறாள். நேரத்துக்கு வருகிறாள், நேரத்துக்குப் போகிறாள். பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஏறி முன்னால் போய் உட்காருகிறாள். பெரிய விரிப்பு வந்தால் இஸ்திரிக்காரியைக் கூப்பிடுகிறாள். நான் போய் மறு முனையைப் பிடித்தால், "நீங்க சிரமப்படாதீங்க" என்று கீழே வைத்துவிடுகிறாள். வீட்டில் பெட்டியை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறாள். மகள் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். இதையும் என்னிடம் சொல்லவில்லை, என் காதில் விழுகிற மாதிரி என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பாவம், "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று தெரிந்து அரை மணி நேரம் குளித்தார்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று சொன்னாள். "மெஷின் நிக்கக் கூடாதுன்னு என்னைச் சிரிக்க வெச்சீங்க. நல்லா வேலை பாத்தீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய் அந்தப் பக்கத்தை நானே விரல் வைத்துப் படித்தேன். ‘துக்கம் வேலையைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இங்கே கேலி ஏற்கிறது. சொந்தச் சகோதரனின் மரணமும் இதற்கு விலக்கல்ல.’ இப்படி எழுதியிருக்கிறாய். சொன்னதை வெளியே விட்டாய், அது ஒன்று. ஆனால் இது நான் சொன்னதே இல்லையே! நான் எப்போதடி மெஷினுக்காகச் சிரிக்க வைத்தேன்? மெஷின் என்ன என் மாமனா?

அன்று வார்டில் இருந்த நர்ஸ் போனில் சொன்னது இது: "அவர் போயிட்டார். அவங்களை இப்ப மேல அனுப்பாதீங்க. குழாயெல்லாம் எடுக்கணும், துடைக்கணும். பாக்கிற மாதிரி இல்ல. ஒழுங்கு பண்ணிட்டுக் கூப்பிடுறேன்." கடைசி நேரத்தில் அண்ணன் நிறைய ரத்தம் கக்கியிருக்கிறார். அண்ணிக்கோ காலையில்தான் டாக்டர் தேவலை என்று சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவளே விரிப்பை உதறிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். சிரிக்கிறவள் எதிராளியின் முகத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதனால் சிரிக்க வைத்தேன். இடையில் வார்டிலிருந்து தள்ளுவண்டி வந்தது. அதை அவள் கை படாமல் நானே இழுத்துப்போய், அண்ணன் விரிப்பை நானே எடுத்து மெஷினில் போட்டேன். போட்டுவிட்டு வந்து மறுபடி சிரிக்க வைத்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் அவளுக்குப் புருசன் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான். இதில் எந்த மெஷின் ஓடியது, எது நின்றது என்று நான் பார்க்கவில்லை.

இப்போது நான் இதைச் சொன்னால் அண்ணி நம்ப மாட்டாள். அச்சில் வந்துவிட்டதே. நான் வாயால் சொல்வது சமாளிப்பு, நீ தாளில் போட்டது உண்மை. அப்படி ஆக்கிவிட்டாய்.

சோறு ஏன் இப்ப சாப்பிடுறீங்க, செருப்பை ஏன் அங்க விடுறீங்க, இவங்களை ஏன் அக்காங்கிறீங்க, அவங்களை ஏன் அத்தைங்கிறீங்க. எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டுத்தான் உனக்குக் கேள்வி என்று பேரே வைத்தோம். அன்றைக்கு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே. ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட்கவில்லை.

அக்கா என்று இனி எழுத வேண்டாம்


பிப்ரவரி 11

அக்கா என்று எழுத வேண்டாம் என்றீர்கள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் கேட்கவில்லை. உண்மை.

அன்று மாலை அறைக்குப் போனதும் நீங்கள் சொன்னதை எழுதி வைத்தேன். அப்போதே அது எந்த அதிகாரத்தில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேலிதான் வேலையை ஓட்டுகிறது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். நீங்கள் சொன்னது அதற்குள் அப்படியே உட்கார்ந்தது. மறுநாள் ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால் அது உட்காராமல் போய்விடுமே என்று பயமாக இருந்தது. துக்கத்தைக் கிளறக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

கூடவே இருந்து பார்த்து, நினைத்தது தப்பு என்று தெரிந்துகொள்வதுதான் என் படிப்பு. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

அடுத்த அச்சில் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். நான் நேரில் வருகிறேன். அண்ணியிடம் நானே சொல்கிறேன். எப்போது வரலாம் என்று மட்டும் எழுதுங்கள்.


பிப்ரவரி 18

வராதே.

நீ வந்தால் எல்லாரும் ஓடி வந்து நலம் விசாரிப்பார்கள், நானும் சிரித்துவிடுவேன். எனக்குச் சிரிக்க விருப்பம் இல்லை.

புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவாய், சரி. அண்ணி காதிலிருந்து எப்படி எடுப்பாய்?

பெட்டியில் புடவைகளை அடுக்கிவிட்டாள். சுவர் வழியே பெட்டி கிளிப் மாட்டுகிற சத்தம் கேட்டது.


பிப்ரவரி 26

அக்கா,

வரவில்லை. இத்துடன் அண்ணிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீங்கள் என்னிடம் மெஷினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது நானாக எழுதியது என்று அதில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். நான் இதுவரை எழுதியதில் இதற்குத்தான் அதிக நாள் ஆனது. நீங்கள் படித்துப் பாருங்கள். கொடுக்கலாம் என்றால் கொடுங்கள். வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள்.

இந்த முறை நீங்கள் சொல்கிறபடி.


மார்ச் 14

கேள்விக்கு,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. ஒட்டாமல் அனுப்பினால் படித்துவிடுவேன் என்று நினைத்தாய் அல்லவா? நானே ஒட்டினேன். வேலையில் வைத்து அண்ணியிடம் கொடுத்தேன். யார் எழுதியது என்று பார்த்தாள். "அப்புறம் படிக்கிறேங்க" என்று மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க அண்ணி." எனக்கும் ‘ங்க’ தொற்றிக்கொண்டுவிட்டது.

"அன்னிக்கு நான் எதுக்குச் சிரிச்சேன்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், எப்படி மனசு வந்தது என்று கேட்பாள், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"தலையணை உறையைத் தலையில மாட்டிக்கிட்டு, நம்ம சூப்பர்வைசர் மாதிரி நடந்தேன். யாருடி சோப்புத் தூளைத் தின்னதுன்னு ஒவ்வொருத்தி வாயையும் மோந்து பாத்தேன்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டீங்க."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ்வளவு நல்லா இல்லியே."

"இல்லதான். அவசரத்துல வேற எதுவும் வரல."

குழாயை மூடினாள். அப்போதும் திரும்பவில்லை. நான் மிச்சத்தையும் சொன்னேன். போனில் வந்த சேதி, குழாய், ரத்தம், தள்ளுவண்டி, எல்லாம். உன்னிடம் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன், நடுவில் மூக்கு வேறு ஒழுகியது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் இருக்கட்டும்னு பாத்தேன் அண்ணி என்றேன். மெஷின் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. அவள்தான் எடுத்தாள்.

"மெஷின்னு அவ எழுதினதை நம்பினது என் தப்பு. நீ அவகிட்டச் சொன்னது உன் தப்பு. எல்லாத்துக்கும் மேல, என்கிட்டச் சொல்லாம இத்தனை வருஷம் என் கூட உக்காந்து சோறு தின்னியேடி. ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவரை நினைச்சு அழும்போதெல்லாம், காலையில பாடிக்கிட்டு இருந்தேனே, அதோட போயிட்டாரேன்னு அழுதிருக்கேன். அவர் போனதுக்கு அப்புறமும் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தது எனக்கே தெரியாது. என் அழுகையே தப்பா இருந்திருக்கு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஈரக் கையோடு அவள் அறைக்குப் போய்விட்டாள். ‘டி’ போட்டாளே என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். ஆக இன்னும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பெட்டி கட்டினபடியே கதவுக்குப் பின்னால் நிற்கிறது. எப்போது போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. உன் படிப்பில் இதற்கும் ஒரு உறவு இருக்கும். பேர் எனக்குச் சொல்லாதே.

உன் மேல் கோபம் தீரவில்லை. நீ எழுதியது பொய் என்பதற்காகக்கூட இல்லை, நீ கேட்காமல் விட்டாயே, அதுதான் ஆறவில்லை. எங்களோடு இருந்து கை வெந்து, தோல் உரிந்து, எங்களில் ஒருத்தி என்று நான் நினைத்தேன். நீயும் அப்படியே நினைத்திருக்கிறாய், அந்த நினைப்பிலும் பென்சில் உன் காதில்தான் இருந்திருக்கிறது. தீர்ந்தால் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுவேன், திட்டுவதற்கு எனக்கு ஆள் வேண்டும்.

நீ அண்ணிக்கு எழுதிய கடிதம் பற்றி. அவள் அதைப் படிக்கவில்லை, அது அவள் மேலங்கிப் பையிலேயே இருந்தது. மேலங்கி அழுக்குக் கூடையில் இருந்தது. கூடையை டாக்டர்கள் கோட்டோடு சேர்த்து மெஷினில் கொட்டியது அண்ணியேதான், பையைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தபோது எல்லாக் கோட்டிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது, சில துணுக்கில் நீல மை. மயக்க மருந்து டாக்டர் அவசரம் என்று அதில் ஒன்றை உதறாமல் மாட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் அறை வாசலில் ஒன்பது முறை தும்மியிருக்கிறார். கோட்டு திரும்பி வந்தது. மறுபடி துவைத்தோம்.